ஸ்பானிய மொழிப் பாடநூல் ஆக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில் அமைந்த சிற்றூர் கெலிஓயா. அவ்வூரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் சிலருக்கு ஸ்பானிய மொழியின் தொடக்கப் பாடங்களைக் கற்பிக்கும் பொறுப்பு நம்மீது வந்தபோது, எந்நூலைக் கொண்டு கற்பிப்பது என்னும் வினாவே முதலில் எழுந்தது. நமக்குக் கிடைத்தவை யாவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோருக்கென ஆக்கப்பட்டவை. அவற்றைக் கொண்டு சில வாரங்கள் கற்பித்த பின்னர் ஓர் உண்மை புலனாயிற்று. அந்நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குமிடங்களில் நம் மாணவர்க்கு இடர்ப்பாடே இல்லை. நம் மாணவர் தடுமாறும் இடங்களிலோ அவை வாய் திறப்பதில்லை.

கற்போன் யாவன் என்பதே பாடநூலின் அமைப்பைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்து ஸ்பானிய மொழியைப் பொறுத்தவரை மிகப் பழையது. கொலம்பசு மேற்றிசையில் கடலோடிய அதே 1492ஆம் ஆண்டில், அந்தோனியோ தெ நெப்ரிஹா சலமன்கா நகரில் தமது கஸ்தீலிய மொழி இலக்கணத்தை வெளியிட்டார். ஐந்து பகுதிகளைக் கொண்ட அந்நூலில் முதல் நான்கும் எழுத்து, அசை, சொல், தொடர் என்பனவற்றை ஆராய்வன. ஐந்தாம் பகுதியோ வேற்றுமொழியிலிருந்து வந்து கஸ்தீலியம் பயில விரும்புவோருக்கெனத் தனியே வகுக்கப்பட்டது. தாய்மொழியாளன் அறியவேண்டியது ஒன்று, பிறன் அறியவேண்டியது மற்றொன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1555இல் லூவெயின் நகரில் வெளிவந்த சிறுநூலொன்று ஸ்பானியத்தைப் பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மொழிகளின் துணையோடு கற்பித்தது. ஸ்பானியப் பெருங்கடற்படை தோல்வியுற்று மூன்றாண்டுகள் கழிய, 1591இல் இலண்டனில் ரிச்சர்ட் பேர்சிவல் ஆங்கிலேயருக்கென இலக்கணமும் அகராதியும் சேர்ந்த நூலொன்றை அச்சிட்டார். பகைவனின் மொழியாயினும் பாடநூல் தேவைப்படவே செய்தது.

அதே நூற்றாண்டில் நமது கரையோரங்களில் நிகழ்ந்தது இதற்கு எதிர்த்திசையிலான முயற்சியாகும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த நவார் நாட்டவரான பிரான்சிசு சவேரியார், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை மனனம் செய்து ஒப்பித்தார். அவர்பின் வந்த போர்த்துக்கேயரான அன்றிக்கு அடிகளார் மனனம் போதாது என்பதைக் கண்டு, 1549ஆம் ஆண்டளவில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். அவருக்கு முன்மாதிரியாய் இருந்தது 1540இல் வெளிவந்த சுவாவோ தெ பாரோசின் போர்த்துக்கேய இலக்கணம். தமிழ் வேற்றுமைகளை இலத்தீன் வேற்றுமைகளின் சட்டத்துள் அவர் அடக்கியதைப் பிழையெனக் கூறுவாருமுளர். எனினும், அவருடைய மாணாக்கர் இலத்தீன் அறிந்த குருமார் என்பதை நினைவிற்கொண்டால் அது பிழையன்று, பாடநூலாசிரியனின் சாமர்த்தியம் எனலே பொருந்தும். 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை உரோம எழுத்தில் தந்து போர்த்துக்கேயப் பொருளையும் உடன்வைத்த செபநூலும் இவ்வகையினதே. இவ்வரலாற்றை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர்களுள் தனிநாயகம் அடிகளார் முதன்மையானவர். 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக விளங்கிய அவர் ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் நன்கறிந்தவர். தமிழர் ஸ்பானியம் பயில்வதற்கான நூலொன்றை எழுதும் தகுதி அவரினும் வேறெவர்க்கு இருந்தது என நாம் பலமுறை எண்ணியதுண்டு.

பிறர் நம் மொழியைக் கற்க நூல் செய்தனர். அவர்தம் மொழியை நாம் கற்க நாமே செய்த நூல் எங்கே? இவ்வினாவுக்கு ஆசியாவில் விடையளித்தவர் பிலிப்பைன்சின் தொமாசு பின்பின். தகாலோகு இனத்தவரான இவ்வச்சுத்தொழிலாளர், தம் இனத்தார் கஸ்தீலியம் கற்பதற்கென 1610இல் தம் தாய்மொழியிலேயே நூலொன்றை எழுதி வெளியிட்டார். இரு மொழியும் கலந்த பாடல்களையும் அதனுட் சேர்த்தார். ஆட்சியாளரின் மொழியை ஆட்சியாளர் கற்பித்தபடி கற்காது, தன்மொழியின் வாயிலாகக் கற்க முனைந்த அம்முயற்சி நம் சிந்தனைக்குரியது.

அவ்வழியைக் கெலிஓயா வகுப்பறையில் ஓரளவு கைக்கொண்டோம். முதற்பாடத்துக்கு வேண்டிய சொற்கள் அவ்வறையினுள்ளேயே இருந்தன. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேசை, வாங்கு, அலுமாரி, சப்பாத்து, பாண் என்பன ஸ்பானியத்தில் முறையே மேசா, பாங்கோ, அர்மாரியோ, சபாத்தோ, பான் என வழங்குகின்றன. சிங்களத்திலும் இவை சிறு மாற்றங்களோடு வழங்குதலின், தமிழ் மாணவனின் அருகே சிங்கள மாணவன் அமர்ந்திருந்தாலும் இப்பாடம் இருவர்க்கும் பொதுவாகும்.

இலக்கணத்திலும் இத்தகைய வாய்ப்புகள் உள. ஸ்பானிய வினைமுற்று தன் விகுதியாலேயே இடத்தையும் எண்ணையும் காட்டுதலின் எழுவாய் தோன்றாது நிற்கலாம். ஆங்கில மாணவனுக்குப் புதுமையான இது, 'பேசுகிறேன்' என்று சொல்லி வளர்ந்தவனுக்கு இயல்பே. 'மே குஸ்தா' என்னும் தொடரை விளக்க ஆங்கில நூல்கள் படும்பாடு பெரிது. 'எனக்குப் பிடிக்கும்' என்றதும் நம் மாணவர் தலையசைத்தனர். ஆட்பெயர் செயப்படுபொருளாக வரும்போது ஸ்பானியத்தில் அதன்முன் 'அ' என்னும் இடைச்சொல் வரவேண்டும். அஃறிணைப் பொருளுக்குப் பொதுவாக வேண்டுவதில்லை. 'புத்தகம் வாசித்தேன்' எனலாம், 'ஆசிரியர் கண்டேன்' எனலாகாது, 'ஆசிரியரைக் கண்டேன்' என்றே கூறவேண்டும் என்னும் நம் வழக்கை இது பெரிதும் ஒத்தது. உயர்திணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமையுருபு தொகாது என்பது நம் மரபிலக்கணம் கண்ட செய்தி. நாம் பார்த்த ஆங்கிலவழி நூல்களில் விதிவிலக்குப் போலப் பின்னொரு பாடத்தில் தரப்படும் இதனை நாம் மூன்றாம் பாடத்திலேயே வைத்தோம்.

தடைகளும் இல்லாமலில்லை. பொருள்நோக்கிப் பால் வகுத்துப் பழகியவனுக்கு மேசை பெண்பால், வாங்கு ஆண்பால் என்பது வியப்பூட்டும். மேசை என்ன செய்து பெண்ணாயிற்று என ஒரு மாணவி வினவினாள். பெயரைத் தனியே தராது, அதற்குரிய சுட்டிடைச்சொல்லோடு சேர்த்தே மனனம் செய்விப்பதன்றி இதற்கு வேறு விடை கண்டிலோம். சவேரியாரின் முறையும் இவ்விடத்தில் உதவுகின்றது.

எழுத்துப்பெயர்ப்பே பெருந்தடை. ஆங்கிலவழி வந்தவன் ஸ்பானியத் தகர ஒலியை டகரமாக ஒலிப்பான். தமிழில் 'தொமாத்தே' என எழுதிக் காட்டினால் அப்பிழை நேராது. ஆயினும் வல்லினத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டைத் தமிழெழுத்துக் காட்டாமையின், 'எடை' எனப் பொருள்படும் சொல்லும் 'முத்தம்' எனப் பொருள்படும் சொல்லும் நம் எழுத்தில் 'பேசோ' என ஒன்றாகிவிடுகின்றன. கடைக்குச் சென்று எடை கேட்கப் புகும் மாணவன் படக்கூடிய இடரை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உரோம எழுத்தில் இல்லாத தமிழொலிகளுக்கென அன்றிக்கு அடிகளார் தனியானதோர் எழுத்துப்பெயர்ப்பு முறையை வகுத்துக்கொண்டார். நாம் அதனைத் தலைகீழாக்கி, ஒலிப்புடைய பகரத்தின்கீழ் ஒரு கோடிட்டோம். நான்காம் வாரத்துக்குப் பின் மாணவர் உரோம எழுத்தையே நேராக வாசிக்கத் தொடங்கியமையால், அக்கோட்டை அடுத்து வந்த பாடத்தாள்களிலிருந்து நீக்கிவிட்டோம்.