புல்வெளி நகரிற் புல்லுக்கு விலக்கு



'லாஸ் வேகாஸ்' என்பது ஸ்பானிய மொழியிலே 'புல்வெளிகள்' எனப் பொருள்படும். ஐக்கிய அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தைக் கடந்து சென்ற பழைய வணிகர், அங்கே ஊற்றுகளையும் அவற்றைச் சூழ்ந்த பசும்புல்லையும் கண்டனர். பெயர் அதனால் வந்தது. 1905ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதையை ஒட்டி எழுந்த நகரம், நிலத்தடி நீரை வரைவின்றி இறைத்தது. 1962இல் ஊற்றுகள் வற்றின. ஆண்டுக்கு நான்கு அங்குலமளவே மழை காணும் அந்நாட்டில் வீடுதோறும் புற்றரை வளர்த்த மக்களோ அதன்பின்னும் தளர்ந்தாரல்லர். கொலராடோ ஆறு இருந்ததன்றோ?

அவ்வாற்றின் நீரிலே நெவாடாவுக்கு 1928ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது ஆண்டுக்கு 3 இலட்சம் ஏக்கர் அடி மாத்திரமே. ஓர் ஏக்கர் நிலத்தை ஓரடி ஆழத்துக்கு மூடும் நீரே ஓர் ஏக்கர் அடி. அயல் மாநிலமாகிய கலிபோர்னியா பெற்றதோ 44 இலட்சம். அக்காலத்தில் லாஸ் வேகாஸ் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். பங்கு போதும் என்றே எவரும் எண்ணியிருப்பர். இன்று அப்பள்ளத்தாக்கில் வாழ்வோர் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

குளிப்பதையும் துவைப்பதையும் விட்டுப் புல்லின்மேல் ஏன் பழி விழுந்தது? வீட்டினுள் பயன்பட்ட கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்குத் திரும்புகிறது. திரும்பிய அளவை நகரம் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம், பங்கிலே குறைவதில்லை. புல்லுக்கு இறைத்த நீரோ காற்றோடு போய்விடுகிறது. ஆராய்ந்தபோது, புற்றரை சதுர அடிக்கு ஆண்டொன்றுக்கு 73 கலன் நீரையும், பாலைநிலத்துக்கேற்ற செடிகள் 17 கலன் அளவையும் கொள்வதாகத் தெரிந்தது.

1991இல் அமைந்த தென் நெவாடா நீர் அதிகாரசபை, புல்லைக் களைவோருக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. 2003இல் சதுர அடிக்கு ஒரு டொலர். பின்னர் மூன்று டொலர். வெறுங் கல்லைப் பரப்பிவிட்டுப் பணம் பெற இயலாது; செடிகள் வளர்ந்தபின் நிலத்திற் பாதியையாவது மூடவேண்டும். மீண்டும் புல் நடுவதில்லை என்னும் கட்டுப்பாடு காணியோடு பதிவாகி, பின் வாங்குவோரையும் பிணிக்கும். வறட்சி கடுமையான அவ்வாண்டிலேயே, புதிதாய்க் கட்டும் வீடுகளின் முன்புறத்திற் புற்றரை தடுக்கப்பட்டது. இவ்வாறு 20 கோடி சதுர அடிக்கு மேற்பட்ட புல் அகன்றது.

கொடையால் அகலாத புல்லைச் சட்டம் தொட்டது. எவரும் மிதியாத, அழகுக்கென்றே வளர்க்கும் புல்லுக்கு 2026ஆம் ஆண்டின் முடிவுக்குப்பின் கொலராடோ நீரைப் பாய்ச்சலாகாது என 2021இல் நெவாடாச் சட்டசபை விதித்தது. தெருவோரங்களும் அலுவலக முகப்புகளும் கூட்டுக் குடியிருப்புகளின் பொதுநிலமும் இதில் அடங்கும். தனிவீட்டு முற்றங்களுக்கு விலக்கு உண்டு.

குறையும் எழாமலில்லை. புல்லுக்குத் தெளித்த நீரையே பருகி வளர்ந்த முதுமரங்கள், தெளிப்புக் குழாய் நின்றதும் வாடின. நிழல் போயிற்றே என்று குடியிருந்தோர் முறையிட்டனர். நீர்க்கணக்கை நுணுக்கமாய் எழுதியவர்கள் நிழலை அக்கணக்கிலே போதிய அளவு சேர்த்தாரில்லை என்றே நான் கருதுகிறேன்; மரத்தினடியிற் சொட்டுநீர்க் குழாயை முன்னரே பதித்திருந்தால் பல மரங்கள் பிழைத்திருக்கும்.

பழைய ஊற்றுகள் இருந்த நிலம் 2007இலே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தம் முற்றத்துப் புல்லைக் களைய எண்ணுவோர் இன்று அங்கே சென்று, எந்தப் பாலைச் செடியை நடலாம் என்று பார்த்து வருகின்றனர்.