களஞ்சியக் காவலும் திருவமுதும்

திருக்கோயிலின் நித்திய நிவேதனம் அன்பர்கள் ஈந்த நெல்லினால் நடைபெற்று வந்தது. நெல் அறுவடைக் காலத்தே வந்து சேரும். இறைவனுக்கோ ஆண்டு முழுவதும் அமுது படைத்தல் வேண்டும். ஆதலின், நெல்லை ஈட்டுதலினும் அதனைக் கெடாது காத்தல் அரிய திருப்பணியாயிற்று.

முதலாம் இராசராச சோழன் (985–1014) எடுப்பித்த தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்றாவன. திருவமுதுக்கு இத்துணை நாழி 'பழவரிசி' என்று அவை வரையறுக்கின்றன. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது அக்காலக் கணக்கு; 'ஆடவல்லான்' என்னும் மரக்காலே அளவுகருவி. பழவரிசி என்னும் அவ்வொரு சொல்லில், பல மாதம் பூச்சி அரியாது நெல்லைக் காத்தவர்களின் உழைப்பு அடங்கியுள்ளது.

நெல்லுக்குப் பகையாவன அந்துப்பூச்சியும் கூன்வண்டும். அந்துப்பூச்சி குவியலின் மேற்பரப்பில் முட்டையிடும். அதன் புழு மணியினுட் புகுந்து உண்ணும். கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புறத்தே மணி முழுமையாய்த் தோன்ற, அகத்தே வெறுமை விளையும். ஈரம் மிகின் இவை பெருகும்.

ஆதலின் நெல்லை வெயிலிற் காயவைத்து, சூடாறிய பின்னரே சேமித்தனர். பழைய மணி எஞ்சாது குதிரைத் துடைத்து, பிளவுகளைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகினர். உலர்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு, வாயை மூடிப் பூசினர். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம், ஏறத்தாழ 3000 கலம் கொள்ளத்தக்கதாய், இன்றும் நின்று இக்காவலின் பெருமையை உணர்த்துகின்றது.

எல்லாவற்றினும் சிறந்த காவல் உமியே. பிளவுபடாத உமியைக் கடந்து கூன்வண்டு எளிதிற் புகாது. அதனால் நெல்லாகவே வைத்து, வேண்டும்போது வேண்டுமளவே குற்றினர். சித்தாந்த ஆசிரியர்கள் ஆணவமலத்துக்கு உமியை உவமை கூறுவர். உவமை ஒருபுடையே கொள்ளத்தக்கது. உமியின் காக்கும் தன்மை அதனுள் அடங்காது. ஆயினும், உமி நீங்கிய அரிசியே அமுதாதற்கு உரியது என்பதில், களஞ்சியமும் சித்தாந்தமும் ஒன்றையே உணர்த்துகின்றன.

ஈந்தவர் அறம், காப்பவர் கையிலேயே நிலைபெறுகின்றது. குடமுழுக்குக் காணும் திருக்கோயிலுக்கு நெல் வழங்கும் செல்வர்களும், அதனைப் பேணும் பணியாளர்களும் ஒரே திருத்தொண்டின் இரு கைகளாவர். ஒரு மணியும் பூச்சிக்கு இரையாகாது, இறைவன் திருமுன் அமுதாகி, அடியார் பசி தீர்ப்பதாகுக.

திருச்சிற்றம்பலம்.