அலமாரியில் இல்லாத மருந்து

மருத்துவ வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கண்டுபிடிப்புகளே. அம்மைத் தடுப்பைக் கண்டவர் யார், பென்சிலினைக் கண்டவர் யார் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். கண்டுபிடித்த அன்றோடு கதை முடிந்துவிட்டது என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், மருத்துவர் எழுதித் தந்த சீட்டை ஏந்தி நோயாளி வந்து நிற்கும்போது, அம்மருந்து கடையின் அலமாரியில் இருக்கவேண்டும் அன்றோ? அங்கே இல்லாவிட்டால், நூல்களில் அதன் பெயர் இருந்து என்ன பயன்? இந்தக் கேள்வியை மனத்திற்கொண்டு, பினெல்சீன் என்னும் ஒரு பழைய மருந்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அது மனச்சோர்வு நோய்க்குரிய மருந்து.

மனச்சோர்வு என்றால் நாள்தோறும் நமக்கு வரும் சிறு வருத்தம் என்று கருதிவிடாதீர்கள். உறக்கம், உணவு, ஊக்கம், சில வேளைகளில் உயிர்மேல் உள்ள பற்று ஆகிய அனைத்தையும் அரித்துவிடும் நோய் அது. 1950-ஆம் ஆண்டுவரை அதற்கென்று தக்க மருந்து எதுவும் இல்லை. பின்பு வந்த மருந்தும் தேடி வந்ததன்று. வேறொரு நோயைத் தேடிப் போனபோது வழியில் கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர் ராக்கெட் விமானங்களுக்கு எரிபொருளாக ஹைட்ரசீன் என்ற இரசாயனப் பொருளைப் பெருமளவில் செய்தனர். போர் முடிந்தபின் எஞ்சிய பொருள் மலிவாகக் கிடைத்தது. மருந்து நிறுவனங்களின் இரசாயன அறிஞர்கள் அதிலிருந்து பல புதிய கூட்டுப்பொருள்களைச் செய்து பார்த்தனர். அவற்றுள் ஐசோநையசிட், இப்ரோநையசிட் என்னும் இரண்டும் காசநோய்க் கிருமிகளை அடக்கின. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இவற்றைக் கொடுத்தனர். நோய் தணிந்தது, அதனோடு மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. படுக்கையே கதியென்று கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர், வயிறார உண்டனர், சிரித்தனர். கூடத்தில் நடனமும் ஆடினர். அக்காட்சியைச் செய்தித்தாள்கள் படம் பிடித்து வெளியிட்டன. மகிழ்ச்சி, நோய் தணிந்ததால் வந்ததா, மருந்தே நேரே மனத்தில் வேலை செய்ததா?

அதே 1952-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஸெல்லர் என்ற அறிஞர் விடையின் முதற்பகுதியைக் கண்டார். நம் உடலில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்றொரு நொதிப்பொருள் உண்டு. நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படுத்தும் சில பொருள்களைச் சிதைத்து நீக்குவது அதன் தொழில். இப்ரோநையசிட் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது என்று ஸெல்லர் காட்டினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957-இல், நியூயார்க் மாநிலத்து ராக்லண்ட் மருத்துவமனையைச் சேர்ந்த நேதன் கிளைனும் அவர் தோழர்களும் அம்மருந்தை மனச்சோர்வு உடையவர்களுக்குத் தந்து பயன் கண்டதாக அறிவித்தனர். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதை உண்டனர் என்பர். அதே 1957-இல் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற வேறு வகை மருந்தைப் பற்றி எழுதினார். இருண்ட வீட்டில் ஒரே காலத்தில் இரண்டு சாளரங்கள் திறந்தன எனலாம்.

ஆனால், வேகமாக வந்த புகழுக்கு வேகமாகவே சோதனையும் வந்தது. இப்ரோநையசிட் உண்ட சிலருக்கு ஈரல் கெட்டு மஞ்சட்காமாலை கண்டது. 1961-இல் அமெரிக்காவில் அது கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அதன் உறவினமான பினெல்சீன் அதே ஆண்டில் அங்கே ஒப்புதல் பெற்றது. அதற்கும் ஓர் இடர் காத்திருந்தது. இவ்வகை மருந்துகளை உண்டவர்களுள் சிலருக்குத் திடீரென்று தாங்கமுடியாத தலைவலி வந்தது. மூளையில் இரத்தம் கசிந்து இறந்தவர்களும் உண்டு. காரணம் புலப்படவில்லை.

அதைப் புலப்படுத்த உதவியவர் ஒரு மருந்தாளுநர். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரிலிருந்த அவர், தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி உண்டபோதெல்லாம் தலைவலி வருவதைக் கவனித்தார். அந்த அம்மையார் இவ்வகை மருந்தை உண்டு வந்தவர். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலிருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவருக்கு அவர் கடிதம் எழுதினார். முதலில் ஐயுற்ற பிளாக்வெல், பின்னர் ஆராய்ந்து, 1963-இல் அதனை உறுதி செய்தார். நாட்பட்ட பாலாடைக்கட்டியில் டைரமின் என்ற பொருள் உண்டு. குடலிலும் ஈரலிலும் உள்ள நொதி அதனை வழக்கமாக அழித்துவிடும். மருந்து நொதியைக் கட்டிப்போட்டதனால், டைரமின் தடையின்றி இரத்தத்திற் புகுந்து அழுத்தத்தை ஏற்றிவிட்டது. டைரமினை அழிக்கும் இந்த நொதியைக் கேம்பிரிட்ஜில் மேரி ஹேர் என்ற பெண்மணி 1928-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியிருந்தார்! நூலில் இருந்த அறிவு நோயாளியிடம் வந்து சேர 35 ஆண்டுகள் ஆயின. சேர்த்தது மருந்தாளுநர் ஒருவரின் கூர்ந்த கண்.

காரணம் தெரிந்தபின் உணவுக் கட்டுப்பாட்டோடு மருந்தை அச்சமின்றித் தர வழி பிறந்தது. ஆயினும் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. 1987-இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புளூவாக்சிடினும் அதன் பின்வந்தவையும் உணவுக் கட்டுப்பாடு வேண்டாதவை. மருத்துவர்கள் அவற்றையே முதலில் எழுதினர். அது முறையே. ஆனால் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்துவதில்லை. வழக்கமான மனச்சோர்வினின்று வேறுபட்ட ஒரு வகைக்கு இப்ரோநையசிட் சிறப்பாகப் பயன்படுவதை வெஸ்ட், டாலி என்ற இரு லண்டன் மருத்துவர்கள் 1959-இலேயே எழுதியிருந்தனர். பல மருந்துகளை உண்டும் எழாதவர்களுள் சிலர், பினெல்சீன் ஒன்றினாலேயே எழுந்து நடமாடினர். அவர்கள் தொகை சிறிது. ஆனால் அவர்களுக்கு அந்த மாத்திரைதான் ஊன்றுகோல்.

தொகை சிறிது என்பதே பின்னர் அவர்களுக்கு வினையாயிற்று. பழைய மருந்துக்குக் காப்புரிமை இல்லை, விலை குறைவு, வாங்குவோரும் சிலர். எனவே செய்வோரும் சிலராகிவிடுகின்றனர். பலர் செய்யும் மருந்தில் ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ஈடு செய்வர். ஒருவரோ இருவரோ செய்யும் மருந்தில் மூலப்பொருள் ஓரிடத்தில் தடைப்பட்டாலும் நாடுகள் பலவற்றில் அலமாரி ஒருங்கே காலியாகிவிடும். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் பினெல்சீனுக்கு நேர்ந்தது இத்தகைய தட்டுப்பாடே.

ஒரு சோப்புக் கிடைக்காவிட்டால் வேறு சோப்பு வாங்கிக்கொள்ளலாம். இங்கே அது இயலாது. இம்மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடலும் மனமும் கொந்தளிக்கும். இது கட்டிப்போட்ட நொதி மீண்டும் விடுபடுவதில்லை. உடல் புதிய நொதியைச் செய்துகொள்ள ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குமுன் வேறு மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம். உணவுக் கட்டுப்பாட்டையும் அதுவரை விடலாகாது. பழைய படகை விட்டு இறங்கிப் புதிய படகு வரும்வரை நடு ஆற்றில் நீந்தவேண்டிய நிலை அது. அந்த நாள்களில் நோயாளி தனித்து நிற்கலாகாது. வீட்டாரும் மருத்துவரும் அருகிருத்தல் வேண்டும்.

இத்தகைய தட்டுப்பாட்டைக் கடக்கும் வழிகள் எளியவை; ஆனால் முன்கூட்டியே தொடங்கவேண்டியவை. கடைசி மாத்திரை வரையில் காத்திராமல், சில வாரங்களுக்கு முன்பே மருந்தாளுநரிடம் கேட்டறிதல். இல்லையெனில் பிற கடைகளிலும் மருத்துவமனைகளிலும் அவரைக் கொண்டே விசாரித்தல். பிறநாட்டிலிருந்து முறைப்படி வருவிக்க மருத்துவர் வழியே முயலுதல். எதுவும் கைகூடாதபோது, தாமே மாத்திரையைப் பாதியாக்கி உண்ணாமல், மருத்துவர் வகுத்தபடி அளவைப் படிப்படியாகக் குறைத்தல் என்பன அவை. முக்கியமான மருந்துகளின் வரவு நிற்கப்போவதை ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவிக்கவேண்டும் என்று அமெரிக்கா 2012-இல் சட்டத்தை விரிவாக்கியது. கெட்ட செய்தியாயினும், முன்னரே வந்தால் அது பாதி மருந்தாகும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் மருத்துவராகலாம்; சிலர் இரசாயனம் பயின்று தொழிற்சாலைகளை நடத்தலாம்; சிலர் சட்டம் இயற்றும் இடத்திலும் அமரலாம். புதியதைக் கண்டவனை உலகம் போற்றுகிறது, போற்றட்டும். ஆனால் பழையதைக் கைவிடாமல் காப்பதும் அறிவியலின் கடமையே. ஆயிரவரில் ஒருவருக்கே பயன்படும் மருந்து எனினும், அந்த ஒருவருக்கு அது முழு மருந்து. அவர் சீட்டுடன் வந்து நிற்கும் நாளில் அலமாரி காலியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளும் சமுதாயமே, அக்கண்டுபிடிப்புக்கு உரிமை கொண்டாடத் தகுந்தது.