சேர்த்ததும் நீக்கியதும்: தூர்தர்ஷன் தொடர்களும் வரலாற்றுப் பாடநூல்களும்

வரலாற்றுத் தொடர்களில் அரசியல் சார்பு இருக்கிறதா என்று கேட்டால், "அதில் என்ன சந்தேகம்?" என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தச் சார்பு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. "பொய் சொல்றாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் தூர்தர்ஷனில் வந்த மூன்று தொடர்களை அண்மையில் மறுபடி பார்த்தேன். பக்கத்தில் என்.சி.ஈ.ஆர்.டி. வரலாற்று நூல்களின் வெவ்வேறு காலப் பதிப்புகளையும் வைத்துக்கொண்டேன். எனக்குப் பட்டது இதுதான்: இரண்டு இடத்திலும் அப்பட்டமான பொய் குறைவு. தொடரில் சார்பு, சேர்ப்பதன் வழியாக வருகிறது. பாடநூலில், நீக்குவதன் வழியாக வருகிறது. சேர்த்ததைக் கொஞ்சம் கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம். நீக்கியதைக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம்.

இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்? அன்றைக்கு இரண்டுமே அரசின் கையில் இருந்தன. 1997-ல் பிரசார் பாரதி வரும்வரை தூர்தர்ஷன் நேரடியாகத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கியது. 1961-ல் தொடங்கப்பட்ட என்.சி.ஈ.ஆர்.டி.யோ கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. காலையில் பள்ளியில் ஒரு வரலாறு, ராத்திரி டிவியில் ஒரு வரலாறு. பையனுக்கு இரண்டுமே 'கவர்மெண்ட் சொன்னது'.

முதலில் 'சாணக்யா'. சந்திரப்பிரகாஷ் திவிவேதி இயக்கி, அவரே சாணக்கியராகவும் நடித்து, 1991-92-ல் வந்த தொடர். உடை, நகரம், பேச்சு எல்லாவற்றிலும் உழைப்பு தெரியும். அதை மறுக்கவே முடியாது. ஆனால் சாணக்கியரைப் பற்றி நமக்கு உண்மையிலேயே என்ன தெரியும்?

சந்திரகுப்தரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதிய நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்காலத்தவர் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். அந்தத் துண்டுகளில் சாணக்கியர் பெயரே கிடையாது. நமக்குத் தெரிந்த சாணக்கியர் கதையின் பெரும்பகுதி, பல நூற்றாண்டுகள் கழித்து விசாகதத்தர் எழுதிய 'முத்ராராட்சசம்' நாடகத்திலிருந்தும், பௌத்த, சமண மரபுக் கதைகளிலிருந்தும் வருவது. சமண ஆசிரியர் ஹேமச்சந்திரர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். அர்த்தசாஸ்திரச் சுவடியே 1905-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார், அங்கே நூலகராக இருந்த சாம சாஸ்திரி 1909-ல் பதிப்பித்தார். இன்றைய வடிவில் அந்த நூல் மௌரியர் காலத்துக்குப் பிந்தியது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஆக, ஆதாரம் என்பது அங்கங்கே கிடக்கும் நாலைந்து செங்கல். தொடருக்கோ 47 பகுதிகள் வேண்டும். நடுவில் இருக்கும் வெற்றிடத்தை எதையாவது போட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். கேமரா முன்னால் வந்து நின்று "இந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரியவில்லை" என்று சாணக்கியரால் சொல்ல முடியாது. பேசியாக வேண்டும். என்ன பேசுகிறார்? பாரதம் ஒரே நாடு, அந்நியன் வருகிறான், ஒன்றுபடுங்கள் என்கிறார். தொடர் வந்துகொண்டிருந்தபோதே காவிக் கொடிகளையும் முழக்கங்களையும் சுட்டிக்காட்டி விமர்சனம் எழுந்தது. அயோத்தி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது.

அர்த்தசாஸ்திரத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே இருப்பவர் வேறு ஆள். பக்கத்து நாட்டு அரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்று வட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கிற, உணர்ச்சியே இல்லாத நூல் அது. இமயத்திலிருந்து கடல் வரை என்ற பேச்சு அதிலும் உண்டு. ஆனால் அங்கே அது சக்கரவர்த்தி வென்று ஆள வேண்டிய களம். தாய்நாடு என்ற பொருள் அதற்கு இல்லை. தொடர் அந்தக் கணக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேசபக்தியை வைத்தது. நான் 'சேர்ப்பது' என்று சொல்வது இதைத்தான்.

உடனே "அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான்" என்று முடித்துவிட வேண்டாம். ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகளாக 1988-89-ல் வந்தது. 1944-ல் அகமத்நகர் கோட்டைச் சிறையில் நேரு எழுதிய நூல்தான் அதற்கு அடிப்படை. ரோஷன் சேத் நேருவாக வந்து ஐயாயிரம் ஆண்டுக் கதையை நமக்கு விளக்குவார். என்னைக் கேட்டால், மூன்றில் தரமானது இதுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தாத்தா திரையில் நாட்டின் கதையைச் சொல்ல, அந்த நேரத்தில் பிரதமர் நாற்காலியில் பேரன் இருந்தார், தொலைக்காட்சி அரசின் தொலைக்காட்சி. வேற்றுமையில் ஒற்றுமை என்கிற நூல்தான் அத்தனை பகுதிகளையும் கட்டியிருக்கிறது. அந்த நூலில் கோக்க முடியாத சண்டைகள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன.

பெனகல் ஓரிடத்தில் நல்ல வழி ஒன்றைக் கையாண்டார். அலாவுதீன் கில்ஜி சித்தூரைப் பிடித்தது 1303-ல். பத்மினி கதையைச் சொல்லும் 'பத்மாவத்' காவியத்தை ஜாயசி எழுதியது 1540-ல், அதாவது 237 ஆண்டுகள் கழித்து. அந்தப் படையெடுப்பில் உடன் போன அமீர் குஸ்ரோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார், பத்மினி பெயரைச் சொல்லவில்லை. தொடர் அந்தக் கதையை விட்டுவிடவும் இல்லை, வரலாறாக விற்கவும் இல்லை. காவியத்தின் கதை என்ற அளவில் காட்டியது. 'இது ஆவணம், இது காவியம்' என்று பிரித்துக் காட்ட நாடகத்தாலும் முடியும் என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவது, 1990-ல் தொடங்கிய 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்'. பகவான் கிட்வானியின் நாவலைத் தழுவி சஞ்சய் கான் எடுத்தது. எதிர்ப்புகள், வழக்கு எல்லாம் வந்து, கடைசியில் இது கற்பனை என்ற அறிவிப்போடு ஒளிபரப்பானது. தொடரின் திப்பு குறையே இல்லாத மனிதர். எதிர்த்தவர்களின் திப்பு வெறும் கொடுங்கோலர்.

ஆவணங்கள் இந்த இரண்டு தரப்புக்கும் சௌகரியமாக இல்லை. 1791-ல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, திப்பு மடாதிபதிக்கு ஆறுதல் கடிதம் எழுதிப் பொருளும் அனுப்பினார். அந்தக் கடிதங்கள் 1916-ல் மடத்திலேயே கிடைத்தன. அதே திப்புதான் குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் செய்தார், மங்களூர்க் கத்தோலிக்கர்களைக் குடும்பம் குடும்பமாகச் சிறைபிடித்துக் கொண்டுபோனார். அதற்கும் ஆவணம் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்பதுதான் வரலாறு. எந்த இடத்தில் எந்த அரசியல் தேவைக்காகச் செய்தார் என்று கேட்பதுதான் வகுப்பறையின் வேலை. இந்தக் கேள்விக்குத் தொடரில் இடமில்லை. எதிர்ப்பிலும் இடமில்லை.

இப்போது பாடநூலுக்கு வருவோம். அங்கே கதை தலைகீழ்.

1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும் ரொமிலா தாப்பர், பிபன் சந்திரா போன்றவர்களின் நூல்கள் மீது புகார் எழுந்தது. ஆர்.எஸ். சர்மாவின் 'பண்டைய இந்தியா' திரும்பப் பெறப்பட்டது. ஆட்சி மாறியதும் திரும்பி வந்தது. 2001-ல் வாஜ்பாய் ஆட்சியில் பழைய நூல்களிலிருந்து சில பத்திகள் வெட்டப்பட்டன, பிறகு நூல்களே மாற்றப்பட்டன. புதிய நூல் ஒன்றில் காந்தி கொலை செய்யப்பட்டதே இல்லை. கண்டனம் எழுந்த பிறகு சேர்த்தார்கள். 2004-ல் ஆட்சி மாற, 2006-லிருந்து வேறு நூல்கள். 2022-ல் 'பாடச்சுமை குறைப்பு' என்ற பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் போனது. காந்தி கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ். சில காலம் தடை செய்யப்பட்டிருந்தது என்ற வரியும் போனது.

"முகலாயர் போனால் என்ன, சோழருக்கு இடம் வரட்டுமே" என்று நம்மூரில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதே நூலில் சோழருக்குத் தனி அத்தியாயம் இல்லை. ஆனால் நீக்கிய இடத்தில் சோழர் வரவில்லை. நீக்கினார்கள், அவ்வளவுதான்.

இது டெல்லிக்காரர்களின் வியாதி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2011-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, ஏற்கெனவே அச்சாகிவிட்ட சமச்சீர் கல்விப் புத்தகங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பிள்ளைகள் கைக்கு வந்தன. வந்தபோது முந்தைய முதல்வர் தொடர்பான பகுதிகள்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு வகையில் அது நேர்மையான நீக்கம்! ஸ்டிக்கர் இருந்தால் எந்தப் பிள்ளையும் அதைத்தான் முதலில் கிழித்துப் பார்க்கும். மறுபதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் கிழிக்க என்ன இருக்கிறது?

எனக்கு அதிகம் வலித்த நீக்கம் வேறொன்று. ஒன்பதாம் வகுப்பு என்.சி.ஈ.ஆர்.டி. நூலில் உடையின் சமூக வரலாறு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் வந்தது. மேலாடை அணிந்ததற்காக நாடார் பெண்கள் தாக்கப்பட்டதும், பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-ல் அரசு இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டதும் ஒரு தேசியப் பாடநூலில் இடம்பெற்றிருந்தன. நாடார்களைக் குடியேறியவர்கள் என்று அந்த நூல் விவரித்த விதத்துக்கு அந்தச் சமூகத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. செய்ய வேண்டியது என்ன? வரிகளைத் திருத்துவது. செய்தது என்ன? 2016-ல் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி கேட்கக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. சொன்னது. 2019-ல் அந்த அத்தியாயமே போய்விட்டது. வரிகளால் புண்பட்டவர்களின் பெயரில், அவர்கள் பாட்டிகள் நடத்திய போராட்டமே புத்தகத்திலிருந்து காணாமல் போனது. இன்றைக்கு டெல்லியிலோ பாட்னாவிலோ படிக்கிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பெண்களைப் பற்றி எப்படித் தெரியவரும்?

நீக்குவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வழக்குப் போட ஆளிருக்காது. திப்பு தொடருக்கு எதிராகக் கொடி பிடிக்கத் திரையில் ஒரு திப்பு இருந்தார். 2025-ல் வந்த எட்டாம் வகுப்பு நூலின் முதல் பகுதியில், ஆங்கிலேயர் இந்தியாவைப் பிடித்த கதையில் ஹைதரும் திப்புவும் மைசூர்ப் போர்களும் இல்லை. நல்லவராகவும் இல்லை, கெட்டவராகவும் இல்லை. எதை எதிர்ப்பது?

அதே நூலில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். கடந்த காலக் கொடுமைகளுக்கு இன்று யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல வார்த்தைதான். ஆனால் அந்தக் குறிப்பு படிப்பவரின் கோபத்தைப் பற்றிப் பேசுகிறது. எதைச் சேர்த்தோம், எதை விட்டோம், ஏன் என்று சொல்லவில்லை. தொடருக்கு 'இது கற்பனை' என்று ஒரு வரி போடச் சொன்ன நாடு, பாடநூலிடம் 'இந்தப் பதிப்பில் நீக்கியவை இவை' என்று ஒரு பக்கம் கேட்கலாம். கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல், காரணத்தோடு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதைச் செய்யட்டும்.

அதுவரை ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'சாணக்யா'விலிருந்து பத்து நிமிடம் போட்டுக் காட்டுங்கள். பிறகு இந்தக் காட்சிக்கு ஆதாரம் எது, அது சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதப்பட்டது, ஆதாரம் எங்கே முடிந்து கற்பனை எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். சார்புள்ள தொடர்கூட அப்போது நல்ல பாடப் பொருளாகிவிடும். அடுத்த நாள் பாடநூலின் இரண்டு பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து, எது குறைகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

இரண்டாவது பயிற்சிக்குப் பழைய பதிப்பு கையில் இருக்க வேண்டும். அதனால் வாசகர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: வருஷக் கடைசியில் பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பரணில் இடம் இருந்தால் எடுத்து வையுங்கள்.