பந்தியும் பெட்டியும்

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் வரும் வீட்டுப் பொறுப்பாளர் தம் தலைவரின் உடைமைகளைக் கையாண்டவர். ஒரு நாள் கணக்கு ஒப்புவிக்கும்படி அழைக்கப்பட்டவர். நம் கையிலுள்ள பொருள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதே என்பது அவ்வுவமையின் அடித்தளம். இதைத் திண்டுக்கல் வட்டார மக்கள் அடுப்பின் அருகே நின்று கற்றிருக்கிறார்கள்.

திண்டுக்கல்லைச் சேர்ந்த முத்தழகுப்பட்டியில் புனித செபஸ்தியார் திருவிழா ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் நடைபெறுகிறது. நேர்ச்சையாக ஆடு, கோழி, அரிசி, காய்கறி முதலியன வந்து குவிகின்றன. பிற சமயத்தவரும் கொண்டுவருகின்றனர். எல்லாம் பொதுச் சமையலாகி, இரவில் ஆயிரக்கணக்கானோருக்குப் பரிமாறப்படுகிறது. யாருடைய ஆடு யாருடைய இலைக்கு வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. கொடுத்தவரும் கொடுக்க வழியற்றவரும் அருகருகே அமர்ந்து உண்கின்றனர்.

செபஸ்தியார் உரோமைப் படைவீரர். தியோக்கிளேசியன் காலத்து மறைசாட்சி. 680ஆம் ஆண்டு இத்தாலியின் பவியா நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது மக்கள் அவர் துணையை நாடினர். அன்றுமுதல் அவர் கொள்ளைநோய்க் காவலராகப் போற்றப்படலானார். நம் சமவெளியும் அத்தகைய துயரை அறியாததன்று. 1809 முதல் 1811 வரை கோவை, மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1876-78இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடிற்று. காய்ச்சல் களஞ்சியம் உள்ளவனையும் விட்டுவைப்பதில்லை. சேர்த்துவைத்த செல்வம் உயிரைக் காக்காது என்று கண்ட மக்களுக்கு, பிழைத்த உயிரே கடனாகத் தோன்றுவது இயல்பு. அக்கடனைப் பசித்தவரின் இலையில் செலுத்துவது நேர்ச்சையின் மாண்பு.

இப்பந்திக்குத் தொன்மையான வேர் உண்டு. கொரிந்து நகரச் சபையில் வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்ண, ஏழைகள் பசியோடு இருந்தனர். பொதுவிருந்தை இவ்வாறு இழிவுபடுத்தியோரைப் பவுல் அடிகளார் கடுமையாகக் கண்டித்தார். எல்லாரும் ஒன்றாக உண்ணாத இடத்தில் ஆண்டவரின் விருந்து இல்லை என்பது அவர் தீர்ப்பு.

ஆயினும் தொடக்கத் திருச்சபை பந்தியோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டில் விரும்பியோர் தந்த காணிக்கை தலைவரிடம் சேர்க்கப்பட்டதையும், அது அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குப் பயன்பட்டதையும் குறிப்பிடுகிறார். 197ஆம் ஆண்டையொட்டிக் கார்த்தேஜ் நகரிலிருந்து எழுதிய தெர்த்துல்லியன் பொதுப் பெட்டி ஒன்றைக் காட்டுகிறார். மாதந்தோறும் அவரவர் இயன்றதை இட்டனர், கட்டாயம் இல்லை. அப்பணம் விருந்துக்குச் செல்லவில்லை. ஏழைகளுக்கு உணவூட்டவும், அவர்களை அடக்கம் செய்யவும், ஆதரவற்ற சிறாரையும் முதியோரையும் பேணவும் செலவாயிற்று. 1833இல் பாரிஸ் மாநகரில் ஒசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை அந்தப் பெட்டியை ஏழையின் வீட்டு வாசலுக்கே எடுத்துச் சென்றது.

பந்தி நம் ஏற்றத்தாழ்வை ஓர் இரவேனும் கலைக்கிறது. மறுநாள் காலையில் தோல் பதனிடும் தொழிலாளி வேலைக்குத் திரும்புகிறார். பூட்டுப் பட்டறையில் சுத்தியல் ஒலிக்கிறது. அடகுக்கடையில் நகைக்கு வட்டி ஏறுகிறது. அந்த மற்ற நாள்களுக்கு உரியது பெட்டி. பந்தி இல்லாத பெட்டி அலுவலகமாக வறண்டுபோகும். பெட்டி இல்லாத பந்தியோ மறுநாள் பசியை மறந்துவிடும்.

1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'மக்களின் முன்னேற்றம்' பற்றிய சுற்றுமடலில், உலகின் பொருள்கள் எல்லாருக்கும் உரியன என்றும், தனியுடைமை நிபந்தனையற்ற உரிமை ஆகாது என்றும் நினைவூட்டினார். நம் திருவிழாக் கணக்கையும் இந்த ஒளியில் வாசிக்கலாம். மின்விளக்கு, வாணவேடிக்கை, கொடையாளர் பெயர் தாங்கிய அறிவிப்பு என்ற பத்திகளுக்குக் கீழே, பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத குழந்தை, மருந்து வாங்க இயலாத முதியவர் என்ற பத்திகளும் உண்டா? நேர்ச்சைக்காக எந்தக் குடும்பமும் கடன்படவில்லை என்று பங்குப் பேரவை உறுதி கூற முடியுமா?

தலைவர் கணக்குக் கேட்கும் நாளில், எவ்வளவு திரண்டது என்பதோடு அவர் நிறைவுறமாட்டார். அது யாரைச் சென்றடைந்தது என்றும் கேட்பார்.