தமிழ் தெரிந்த பேச்சு சிகிச்சையாளர்: தேவையும் படிப்பும்

ரந்தாவ், சிலியாவ், லின்சம், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் போனது டிரசரிடம்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் மூன்று வயதாகியும் வாய் திறக்காத பிள்ளைக்கோ, பக்கவாதத்தில் பேச்சு போன தாத்தாவுக்கோ டிரசரிடம் மருந்து இருந்ததில்லை. அதற்கென்று தனிப் படிப்பு நம் நாட்டில் தொடங்கியது 1995-இல்தான்.

பேச்சு சிகிச்சையாளர் என்றதும் திக்குவாய்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் வேலை அதைவிடப் பெரியது. பேச்சு தாமதமாகும் குழந்தைகள், ஆட்டிசம் உள்ளவர்கள், அண்ணப் பிளவோடு பிறந்தவர்கள், காது கேளாமைக்குக் கருவி பொருத்தியவர்கள், குரல் கெட்டுப்போன ஆசிரியர்கள் எல்லாரும் இவர்களிடம் வருகிறார்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, விழுங்குவதில் உள்ள சிரமத்தையும் இவர்களே கவனிக்கிறார்கள் என்பது. பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதனால் நுரையீரலில் கிருமி தொற்றும். எந்தப் பதத்தில் கஞ்சி கொடுப்பது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்பதை நோயாளியைச் சோதித்த பிறகு இவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

இந்தத் தொழிலில் மொழி தெரிவது கூடுதல் தகுதி மட்டுமல்ல, அதுவே கருவி. தோட்டத்துப் பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறான். அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார், பாட்டியும் அப்படித்தான். இது குறையல்ல, பேச்சுவழக்கு. அதே பிள்ளை ஐந்து வயதிலும் ‘கண்ணு’ என்பதைத் ‘தண்ணு’ என்றால் அது கவனிக்க வேண்டியது. தமிழ் தெரியாத சிகிச்சையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். இருபது தமிழ்ச் சொல்லும் பத்து மலாய்ச் சொல்லும் தெரிந்த பிள்ளையை மலாயில் மட்டும் சோதித்தால், பத்துதான் தெரியும் என்று எழுதப்படும். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுவதே முறை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று செய்த சோதனையை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் முழுதாகப் பொருந்தாது. நம் பிள்ளைகள் ‘பாசார்’ போவார்கள், ‘ரோத்தி’ சாப்பிடுவார்கள்.

‘பிள்ளை குழம்புகிறது, வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள்’ என்ற அறிவுரையைக் கேட்ட பெற்றோர் பலர். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதே ஆய்வாளர்கள் கண்டது. மாறாக, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குத் தமிழை நிறுத்தினால், அது நாள் முழுக்கக் கேட்கும் பேச்சே குறைந்துபோகும். மேலும் இந்தச் சிகிச்சையில் பெரும்பகுதி நடப்பது வீட்டில். மருத்துவமனையில் அரை மணி, முக்கால் மணி நேரம் காட்டிக்கொடுப்பதைக் குடும்பத்தார் தினமும் செய்ய வேண்டும். பகாவிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. அப்படி வந்தும், சொன்னது பாட்டிக்குப் புரியவில்லை என்றால் என்ன பயன்?

ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது, மூன்று வயதில் வெளியாருக்கும் பெரும்பாலும் புரியும் பேச்சு: இது பொதுவான அளவு. இதில் பின்தங்கினால் ‘பையன் மெதுவாகப் பேசுவான்’ என்று காத்திருக்காமல் அரசு கிளினிக்கில் காட்டலாம். அங்கிருந்து கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலில் காதைச் சோதிப்பது வழக்கம். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்?

இனி படிப்பு. 1995-இல் இதைத் தொடங்கியது மலேசிய தேசியப் பல்கலைக்கழகம். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. வகுப்புகள் பாங்கி வளாகத்தில் அல்ல, கோலாலம்பூர் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸ் வளாகத்தில். பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் கிளந்தானின் குபாங் கெரியானிலும், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் குவாந்தானிலும் தொடங்கின. உடற்கூறு, நரம்பியல், ஒலியியல், மொழியியல், உளவியல், கேட்பியல் என்று பாடங்கள் மருத்துவத்திலும் மொழியிலும் பாதிப் பாதி. மொழியியல் படிக்கும்போது தமிழ்ப்பள்ளியில் கற்ற இலக்கணம் வீண்போகாது. எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. பிந்திய ஆண்டுகளில் மாணவர்கள் கண்காணிப்பின் கீழ் நோயாளிகளை நேரில் பார்த்துப் பயிற்சி பெற வேண்டும்.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அசாசி முடித்து யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாக உயிரியல், வேதியியல், கூடவே இயற்பியல் அல்லது கணிதம் கேட்பார்கள். மூயட் தேர்வும் வேண்டும். நேர்முகத் தேர்வுக்கும் அழைக்கலாம். ஆகவே இந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் படிவம் 4-இல் பாடம் எடுக்கும்போதே. தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் உயிரியலைக் கைவிடுவது அந்த வயதில்தான். அப்போது இந்தத் தொழிலின் பெயரைக்கூட அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

எஸ்.பி.எம். முடித்ததும் நேராகச் சுகாதாரத் துறைக்குப் போக விரும்புவோருக்கு டிப்ளோமா வழிகள் உண்டு. உடலியக்கச் சிகிச்சை, தாதிமை, மருத்துவ உதவியாளர் போன்றவற்றை அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் கற்பிக்கின்றன; சிரம்பானிலேயே அத்தகைய கழகம் இருக்கிறது. பேச்சு சிகிச்சைக்கு மட்டும் பட்டம் வேண்டும்.

2016-ஆம் ஆண்டு சுகாதாரத் துணைத்தொழில் சட்டம், சட்ட எண் 774, பேச்சு சிகிச்சையோடு கேட்பியல், உடலியக்கச் சிகிச்சை, உணவியல் உட்பட 23 தொழில்களை ஒரே மன்றத்தின் கீழ் கொண்டுவந்தது. அந்த மன்றத்தில் பதிவு செய்து, தொழில் செய்யும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். தனியார் நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பதிவு பெற்றவர் தயங்காமல் காட்டுவார்.