மூன்று முறை பாதை கற்றவர்கள்

விழுப்புரம் சந்திப்பை நம்மில் பெரும்பாலோர் காத்திருப்பின் இடமாகவே அறிவோம். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தண்டவாளம் இங்கே பிரிகிறது. ஒரு கிளை கடலூர், மயிலாடுதுறை வழியாகவும் மற்றொன்று விருத்தாசலம், அரியலூர் வழியாகவும் திருச்சியை அடைகின்றன. புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் தனிக் கிளைகள் உண்டு. இந்தச் சந்திப்புக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஒரு தொழிலை நன்கு கற்றுத் தேர்ந்தவர்கள், அதையே மீண்டும் முதலிலிருந்து கற்க நேர்ந்த வரலாறு அது.

1870களில் இப்பகுதிக்கு இரயில் வந்தது. நீராவிக் காலத்தில் எஞ்சின் கொட்டகையே பள்ளிக்கூடம். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், மூத்த ஓட்டுநரின் அருகில் நின்று தீயின் நிறத்தையும் நீரின் மட்டத்தையும் படிக்கப் பழகினார். பழுதைக் காதாலும் மூக்காலும் கண்டறிந்தனர். அக்கல்விக்குப் பாடநூலைவிட ஆசானே முதன்மை.

1960களின் நடுவில் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலான மீட்டர் பாதை 25,000 வோல்ட் மின்சாரம் பெற்றது. இந்தியாவில் மீட்டர் பாதை மின்மயமானது சென்னையை ஒட்டிய இத்தடத்தில் மட்டுமே. ஜப்பானில் கட்டப்பட்ட மின் எஞ்சின்கள் திண்டிவனம் வழியே ஓடத் தொடங்கின. தெற்கிலிருந்து நீராவியிலும் பின்னர் டீசலிலும் வந்த வண்டிகளுக்கு விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றினர். இருவேறு தொழிலறிவுகள் ஒரே நடைமேடையில் கைமாறின என்று சொல்லலாம்.

தீயைப் படித்தவர் இப்போது மின்சுற்று வரைபடத்தைப் படிக்க வேண்டும். தம்மினும் இளையவர் பாடம் சொல்ல, பல்லாண்டு அனுபவம் உடையவர் பெஞ்சில் அமர வேண்டும். அதில் ஒரு கூச்சம் இருந்திருக்கும். ஆயினும் பழைய அறிவு வீணாகவில்லை. ஏற்றம் எங்கே, வளைவு எங்கே, பாலம் எங்கே என்னும் தட அறிவு அவரிடமே இருந்தது. புதிய பயிற்சி அதன்மேல்தான் எழுந்தது.

பின்னர் அகலப்பாதை வந்தது. 2004இல் சென்னையின் மீட்டர் பாதை மின்வண்டிகள் விடைபெற்றன. கைகாட்டி மரங்கள் போய் வண்ண விளக்குகள் வந்தன. ஓட்டுநர் மட்டுமன்றி நிலைய அதிகாரியும் தடம் பராமரிப்போரும் தத்தம் தொழிலை மறுபடியும் கற்றனர்.

இரயில்வே இக்கல்வியைத் தனிமனிதரின் ஆர்வத்துக்கு விட்டுவிடவில்லை. ஓட்டுநர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை புத்தொளிப் பயிற்சி உண்டு. திருச்சியிலும் ஆவடியிலும் அதற்கான பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஒரு தடத்தில் வண்டியோட்டும் முன், பொதுவாக மூன்று முறை அதில் உடன் சென்று பாதை கற்க வேண்டும்; அவற்றில் ஒன்று இரவுப் பயணமாக இருக்கும். மூன்று மாதம் அத்தடத்தில் ஓட்டாவிட்டால் மீண்டும் கற்க வேண்டும்.

இவ்விதி நமக்கு நன்னூலை நினைவூட்டுகிறது. இருமுறை கேட்பவனுக்கு நூலில் பிழை நேராது, மூன்றாம் முறை கேட்பவன் அதை முறையறிந்து உரைப்பான் என்பது பவணந்தியார் கருத்து. கற்றது மறக்கும் என்பதை இழிவாகக் கருதாமல் இயல்பாக ஏற்றதால்தான் அவரும் இரயில்வேயும் ஒரே எண்ணுக்கு வந்தனர் போலும்.

நம் ஆசிரியர் உலகுக்கும் இதில் பாடம் உண்டு. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், கல்லூரி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிக் கல்லூரிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு தோற்றுவித்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அங்கே பெறும் சான்றிதழ் பதவி உயர்வுக்கான படிக்கட்டாக மட்டும் பார்க்கப்படும்போது பயிற்சி சடங்காகிவிடுகிறது. ஓட்டுநருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் மறந்தால் பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோர் விலை கொடுப்பர். நாம் மறந்தால் விலை கொடுப்பவர் மாணவர். அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

திண்டிவனத்தருகே இன்று சிப்காட் தொழிற்பூங்கா உருவாகியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பெருகியுள்ள காலம் இது. இன்று இருப்பவர் நாளை இருப்பாரா என்று தெரியாத நிறுவனம் அவருக்கு எதைக் கற்பிக்கும்? பயிற்சிக் காலத்தையும் பணிக்காலமாகக் கருதிச் சம்பளம் கொடுத்த இரயில்வேயின் மரபு, தொழிலாளியை நெடுநாள் உடன்வருபவராக மதித்ததன் அடையாளம். அம்மதிப்பு இல்லாத இடத்தில் முதல்நாள் காட்டப்படும் அரைமணி நேர விளக்கமே பயிற்சி என்று பெயர் பெறும்.